கண்ணுக்கு எட்டாததைக் காட்டும் போன்: பிள்ளைகளோடு வெளியே செய்து பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

தூங்குமூஞ்சி மரத்தின் இலைகள் மாலையில் மூடியிருப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். அவை மூடும்போது பார்த்தவர்கள் குறைவு. அவ்வளவு மெதுவான அசைவைக் கண் பிடிப்பதில்லை. அந்த மரத்துக்கு எதிரே மாலை ஐந்தரைக்கு ஒரு போனை நிறுத்தி, 10 விநாடிக்கு ஒரு படம் எடுக்கவிடுங்கள். ஏழு மணிக்குள் 540 படங்கள் சேரும். விநாடிக்கு 30 படம் என்று ஓட்டினால் 18 விநாடியில் மரம் முழுவதும் தூங்கப் போய்விடும். அதைப் பார்த்த பிள்ளை மறுநாள் மாலை தானாகவே மரத்தடிக்குப் போய் நிற்கும்.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே விதியில் நிற்கிறது. கண்ணாலும் காதாலும் கையாலும் முடிந்ததற்குப் போனை எடுக்காதீர்கள். முடியாததற்கு மட்டும் எடுங்கள். மெதுவாக நடப்பதை வேகமாக்க, வேகமாக நடப்பதை மெதுவாக்க, சின்னதைப் பெரிதாக்க, கேட்ட ஒலியைத் திரும்பக் கேட்க, பார்த்ததை மறக்காமல் வைத்துக்கொள்ள. இந்த ஐந்து வேலைகளுக்கு அது அருமையான கருவி. மற்ற நேரம் பையிலேயே இருக்கட்டும்.

இதில் சொல்வதெல்லாம் தமிழ்நாட்டு வீடு, தெரு, மொட்டைமாடி, பள்ளி மைதானம் ஆகியவற்றை மனதில் வைத்துச் சொல்வது. ஆறு முதல் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்குப் பொருந்தும். காட்டுக்கோ மலைக்கோ போக வேண்டியதில்லை.

முதலில் சாமான்கள்

புதிதாக எதுவும் வாங்காதீர்கள். அலமாரியில் கிடக்கும் பழைய போன் போதும், திரையில் கீறல் இருந்தாலும் பரவாயில்லை. சிம் கார்டை எடுத்துவிட்டு ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். விளையாட்டுகளையும் வீடியோ செயலிகளையும் நீக்கிவிடுங்கள். "இது மரத்தடிப் போன்" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டால், அதில் வேறு எதையும் தேட மாட்டார்கள். பாதிச் சண்டை இந்த ஒரு ஏற்பாட்டிலேயே தீர்ந்துவிடும் என்பது என் கருத்து.

அப்புறம் ஒரு பவர் பேங்க், ஒரு பூதக்கண்ணாடி, கோடு போடாத நோட்டு, பென்சில், அளவு டேப், ரப்பர் பேண்ட் நாலைந்து. டிரைபாட் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் இரண்டு செங்கல்லுக்கு நடுவே போனைச் செருகி ரப்பர் பேண்ட் போட்டால் அசையாது. போனில் மாட்டும் கிளிப் லென்ஸ் விலை குறைவு. வாங்குவதானால் அதை மட்டும் வாங்குங்கள்.

ஒரு எச்சரிக்கை: நம் ஊர் வெயிலில் போன் சீக்கிரம் சூடாகித் தானாக நின்றுவிடும். நிழலில் வையுங்கள், அல்லது வெள்ளைத் துணியால் மூடி லென்ஸ் மட்டும் தெரியும்படி விடுங்கள். பவர் பேங்கை வெயிலில் வைக்கவே கூடாது.

இடத்தைத் தேர்ந்தெடுப்பது

பல இடங்களுக்குப் போவதைவிட ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதில்தான் பலன் அதிகம். ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள், அதைச் சுற்றிப் பத்தடி. அவ்வளவுதான் களம். வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும். மரம் எது என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும்.

நான் பரிந்துரைப்பது வேம்பு. எங்கும் கிடைக்கும், ஆண்டு முழுக்க ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். மாசி வாக்கில் இலை உதிர்க்கும். பின் செம்பு நிறத்தில் தளிர் விடும். பங்குனி, சித்திரையில் பூ. தமிழ்ப் புத்தாண்டுப் பச்சடிக்கு அந்தப் பூதான். ஆனி, ஆடியில் பழம். பழத்துக்குக் காகம், மைனா, குயில் எல்லாம் வரும். புங்கை, புளி, தூங்குமூஞ்சி, நாவல் என்று எதுவானாலும் சரி, பிள்ளைக்குப் பிடித்தால் போதும்.

முதல் இரண்டு மூன்று முறை போனை எடுத்துப் போகாதீர்கள். மரத்தடியில் உட்கார்ந்து நோட்டில் வரையட்டும். பட்டையில் எறும்பு எந்தப் பக்கம் ஏறுகிறது, எந்தப் பக்கம் இறங்குகிறது? இலை விளிம்பு நேராக இருக்கிறதா, ரம்பம் போல வெட்டுப்பட்டு இருக்கிறதா? கிளையில் காய்ந்த கூடு ஏதாவது தெரிகிறதா? பதில்களைவிட, "இதைத் தெரிந்துகொள்ள முடியவில்லையே" என்று பிள்ளை சொல்லும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மேலே கத்தும் பறவை எது என்று தெரியவில்லை, இலைமேல் உள்ள புள்ளி என்ன என்று தெரியவில்லை, மரம் எவ்வளவு உயரம் என்று தெரியவில்லை. இந்தப் பட்டியல்தான் போனுக்கான வேலைப் பட்டியல்.

ஒலி வேட்டை

இதை விடியற்காலையில் செய்ய வேண்டும், ஆறிலிருந்து ஏழுக்குள். அதற்குப் பிறகு வண்டிச் சத்தம் எல்லாவற்றையும் மூடிவிடும்.

நோட்டின் நடுவில் ஒரு பெருக்கல் குறி போடச் சொல்லுங்கள். அது பிள்ளை உட்கார்ந்திருக்கும் இடம். ஐந்து நிமிடம் கண்ணை மூடிக் கேட்கட்டும். ஒவ்வொரு ஒலியும் எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் என்று கண்ணைத் திறந்ததும் தாளில் குறிக்கட்டும். பெயர் தெரிய வேண்டாம். கோடு, வளைவு, புள்ளி என்று ஒலியின் வடிவத்தையே வரையட்டும். பால்காரர் மணியும் தண்ணீர் மோட்டாரும்கூட வரைபடத்தில் வரலாம்.

அடுத்து போனில் ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் என்ற இலவசச் செயலி ஒலியைக் கேட்டுப் பறவையின் பெயரைச் சொல்லும். நம் பகுதிக்கான தொகுப்பை வீட்டிலேயே பதிவிறக்கி வைத்துவிட்டால் இணையம் இல்லாமலும் வேலை செய்யும். என்னைக் கேட்டால், பெயரைவிட முக்கியமானது திரையில் ஓடும் ஒலிப்படம். ஒலி ஏறினால் கோடு ஏறும், இறங்கினால் இறங்கும். குயிலின் கூவல் மேல்நோக்கி வளையும் கோடாக வரும். செம்மார்புக் குக்குறுவானின் "டொக் டொக் டொக்" ஒரே இடைவெளியில் வைத்த புள்ளிகளாக வரும். பிள்ளை கண்ணை மூடிக் கேட்டு வரைந்த வடிவமும் இந்த ஒலிப்படமும் பல நேரம் ஒத்துப்போகும். அந்த நொடியில் அவர்கள் முகத்தைப் பாருங்கள்.

செயலி சொல்வது ஊகம் என்பதையும் சொல்லிக்கொடுங்கள். நோட்டில் பென்சிலால் எழுதிக் கேள்விக்குறி போட வேண்டும். பறவையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கேள்விக்குறியை அழிக்கலாம். கரிச்சான் சில நேரம் வைரி என்ற வேட்டைப் பறவையின் குரலில் கத்தி மற்ற பறவைகளை மிரட்டும். மனிதக் காதும் ஏமாறும், கருவியும் ஏமாறும். குயிலைத் தேடும்போது இன்னொன்றையும் கவனிக்கச் சொல்லுங்கள்: "கூஊ" என்று கூவுவது கரிய ஆண் பறவை. புள்ளி போட்ட பெண்ணுக்கு "கிக் கிக் கிக்" என்ற வேறு குரல். நம் பாட்டுகளில் கூவுகிறவள் பெண்ணாகத்தான் இருப்பாள். மரத்தில் நடப்பது வேறு.

ஒன்றே ஒன்றை மட்டும் கண்டிப்பாகத் தடுங்கள். பதிவு செய்த குரலைத் திரும்ப ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கக் கூடாது. தன் எல்லைக்குள் இன்னொரு பறவை வந்துவிட்டது என்று அது பதறி, இரை தேடுவதையும் குஞ்சைப் பார்ப்பதையும் விட்டுவிட்டு அலையும். வீட்டுக்குள் வந்து கேட்டுக்கொள்ளலாம்.

கறிவேப்பிலைச் செடியில் ஒரு மாதம்

எல்லாவற்றிலும் எனக்கு மிகப் பிடித்தது இது. பிள்ளைகளுக்கும் இதுதான் நெடுநாள் நினைவில் நிற்கும். மருந்தடிக்காத கறிவேப்பிலை, எலுமிச்சை, நார்த்தை இவற்றில் ஏதாவது ஒரு செடி வேண்டும். தொட்டியில் இருந்தாலும் போதும்.

இளந்தளிர்களைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். கடுகைவிடச் சின்னதாக, வெளிர் மஞ்சளில் ஒரு உருண்டை ஒட்டியிருந்தால் அது பட்டாம்பூச்சியின் முட்டையாக இருக்கலாம். இலைமேல் பறவை எச்சம் போலக் கருப்பும் வெள்ளையுமாக ஏதாவது கிடந்தால் அவசரப்பட்டுத் துடைக்காதீர்கள். எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி என்ற இரண்டு பட்டாம்பூச்சிகளின் இளம் புழுக்களும் அப்படித்தான் வேஷம் போடும், பறவைகள் எச்சம் என்று எண்ணி விட்டுவிட வேண்டும் என்பதற்காக. வளர்ந்ததும் இலைப் பச்சைக்கு மாறிவிடும். ஒரு மெல்லிய குச்சியால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை வடிவில் ஓர் உறுப்பை நீட்டும், புளித்த வாடையும் வரும். எறும்பையும் குளவியையும் விரட்டும் ஆயுதம் அது. ஒருமுறை பார்த்தால் போதும், திரும்பத் திரும்பச் சீண்ட வேண்டாம்.

இனி போன் வேலை. தினமும் ஒரே நேரத்தில், ஒரே கோணத்தில், பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் புழுவைப் படம் எடுக்க வேண்டும். கிளிப் லென்ஸ் இங்கே கைகொடுக்கும். லென்ஸை மாட்டியதும் போனை முன்னும் பின்னும் மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்தித்தான் தெளிவைப் பிடிக்க வேண்டும்; முழங்கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டால் கை நடுங்காது. நீளத்தை நோட்டில் எழுதி, வரைதாளில் புள்ளி வைத்துக் கோடு இழுக்கட்டும். புழு நான்கு முறை தோலுரிக்கும். உரிப்பதற்கு முன் சாப்பிடாமல் அசையாமல் இருக்கும். "செத்துப்போச்சா?" என்று பிள்ளை கேட்கும் நாள் அநேகமாக அதுதான்.

கடைசியில் புழு சாப்பாட்டை நிறுத்திவிட்டு ஒரு தண்டில் ஒட்டிக்கொண்டு, இடுப்பைச் சுற்றி ஒரு பட்டு நூலைக் கட்டிக் கூட்டுப்புழுவாகும். கூட்டின் நிறம் சுற்றுப்புறத்தைப் பொறுத்துப் பச்சையாகவும் இருக்கும், பழுப்பாகவும் இருக்கும். அது இருக்கும் இடத்திலேயே விட்டுவிடுங்கள். இடம் மாற்றினால் நூல் அறுந்துவிடும்.

பட்டாம்பூச்சி வெளியே வருவதைப் படம் பிடிப்பதற்குப் பொறுமையும் கணக்கும் தேவை. கூடு கருத்து, உள்ளே சிறகின் கோலம் மங்கலாகத் தெரியத் தொடங்கினால் ஒரு நாளுக்குள் வந்துவிடும். பெரும்பாலும் காலை நேரத்தில். அன்று இரவே போனை நிறுத்தி, ஃபோகஸைக் கூட்டின்மேல் பூட்டி, பவர் பேங்க் மாட்டி வையுங்கள். விடிந்ததும் டைம்லாப்ஸைத் தொடங்குங்கள், 5 விநாடிக்கு ஒரு படம். வெளிவர ஓரிரு நிமிடம்தான் ஆகும். கசங்கிய சிறகு விரிந்து காய்வதற்கு நேரம் பிடிக்கும். அப்போது அருகே போய் ஊதுவதோ விரலை நீட்டுவதோ கூடாது. சிறகு விரியும் முன் விழுந்தால் அது பிறகு பறக்காது.

முட்டையிலிருந்து சிறகு வரை ஏறக்குறைய ஒரு மாதம். நடுவில் ஒரு நாள் புழு காணாமல் போகலாம். தவிட்டுக்குருவியோ தையல்சிட்டோ கொண்டுபோயிருக்கும். பிள்ளை அழுதால் அழட்டும். எந்தப் பறவை, அதன் கூட்டில் எத்தனை குஞ்சு இருக்கும் என்று பேசுங்கள். வேறொரு புழுவில் மறுபடி தொடங்கலாம்.

முடி முளைத்த கம்பளிப்பூச்சிகளை மட்டும் தொட விடாதீர்கள். அரிப்பும் வீக்கமும் வரும். எருக்கஞ்செடியில் வெந்தய வரியனின் புழு கிடைக்கும், கருப்பு மஞ்சள் வெள்ளை வரிகளோடு பார்க்க அழகு. ஆனால் எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. இலை பறிப்பது பெரியவர் வேலையாக இருக்கட்டும், பறித்ததும் கை கழுவ வேண்டும்.

மஞ்சளும் வெயிலும் எடுக்கும் படம்

மஞ்சள் கறை பட்ட சட்டைக்குச் சோப்பு போட்டால் கறை சிவக்கும். துவைத்து வெயிலில் காயப்போட்டால் கறை போய்விடும். நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த இந்த இரண்டு விஷயத்தையும் வைத்து, கேமராவே இல்லாமல் ஒரு படம் எடுக்கலாம். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் இதே வேதியியல்தான். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற நிறமி சோப்பு, சுண்ணாம்பு போன்ற காரத்தன்மையுள்ள பொருள் பட்டால் சிவக்கும், வெயிலில் சிதையும்.

1. ஒரு மேசைக்கரண்டி மஞ்சள் தூளை அரை டம்ளர் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் கலக்கிச் சில நிமிடம் வைத்து, துணியில் வடிகட்டுங்கள். ஸ்பிரிட் தீப்பிடிக்கும் என்பதால் இதைப் பெரியவர்தான் செய்ய வேண்டும், அடுப்பிலிருந்து தள்ளி, ஜன்னலைத் திறந்து வைத்து.

2. கெட்டியான வரைதாளில் பிரஷால் பூசி, இருட்டறையில் ஃபேன் காற்றில் காயவிடுங்கள்.

3. மரத்தடியில் பொறுக்கிய இலை, இறகு, புல், பூவிதழ் என்று பிள்ளைகள் தாள்மேல் அடுக்கட்டும். கனமான இலையைவிட வெட்டுப்பட்ட, நரம்பு தெரியும் இலை நன்றாக வரும். வேப்ப இலைக் கொத்தும் முருங்கை இலையும் அருமையாக இருக்கும்.

4. மேலே ஒரு கண்ணாடித் துண்டு (போட்டோ பிரேமின் கண்ணாடி போதும், விளிம்பில் டேப் ஒட்டுங்கள்), நான்கு மூலைக்கும் கிளிப். மொட்டைமாடி வெயிலில் வையுங்கள்.

5. வெயில் பட்ட பகுதி வெளுத்து வரும். வெயிலைப் பொறுத்து ஒரு மணி முதல் மூன்று மணி நேரம் பிடிக்கும். வெளுத்ததும் உள்ளே கொண்டுவந்து இலைகளை எடுத்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி சமையல் சோடா கரைத்துத் தாள்மேல் மெல்லப் பூசுங்கள். இலையின் உருவம் செம்பழுப்பில் எழும். சுண்ணாம்புத் தெளிநீர் பூசினால் இன்னும் அடர்த்தியாகச் சிவக்கும். அதை மட்டும் பெரியவர் கையுறையோடு செய்யட்டும், கண்ணில் படக்கூடாது.

இந்தப் படம் நிலைக்காது. வெளிச்சத்தில் மாட்டி வைத்தால் சில வாரங்களில் மங்கிவிடும். அதனால்தான் இதில் போனுக்கு வேலை இருக்கிறது. காய்ந்த உடனே நிழலில் வைத்து, நேர் மேலிருந்து படம் எடுத்துச் சேமியுங்கள். எடிட்டரில் நிறங்களைத் தலைகீழாக்கினால் நீலத்தில் ஒரு வடிவம் வரும், அதை வாழ்த்து அட்டையாக அச்சடிக்கலாம். பெரிய பிள்ளைகள் இன்னொரு படி போகலாம்: ஒரே தாளை ஆறு கீற்றாக வெட்டி, அரை மணிக்கு ஒரு கீற்றை வெயிலிலிருந்து எடுத்து, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே படமாக எடுத்து, எவ்வளவு நேர வெயில் சரியானது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். மார்கழி வெயிலுக்கும் சித்திரை வெயிலுக்கும் உள்ள வித்தியாசம் அந்தக் கீற்றுகளில் தெரியும்.

விழுந்த பொருட்களை வைத்து ஒரு சினிமா

வேப்பங்கொட்டை, புளியங்கொட்டை, மயிற்கொன்றைக் காய், காய்ந்த பனையோலை, சிறகு. மரத்திலிருந்து பறிக்காமல், விழுந்ததை மட்டும் பொறுக்க வேண்டும் என்பது விதி. குன்றிமணி மட்டும் வேண்டாம். அழகாக இருந்தாலும் கடும் விஷம், சின்னப் பிள்ளைகள் வாயில் போட்டுவிடுவார்கள்.

போனைத் தரையை நோக்கி நிறுத்துங்கள். இரண்டு நாற்காலிக்கு நடுவே ஒரு பலகை போட்டு அதன் விளிம்பில் கட்டலாம். பொருளை ஒரு சென்டிமீட்டர் நகர்த்து, ஒரு படம் எடு, மறுபடி நகர்த்து. ஸ்டாப் மோஷன் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. விநாடிக்கு 12 படம் போதும். 10 விநாடிக் கதைக்கு 120 படம். முதல் முறை அதற்கு மேல் போகாதீர்கள், அலுத்துவிடும்.

இதில் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் ஒரு இடம் வெயில். சூரியன் நகர, நிழலும் நகரும். படத்தை ஓட்டும்போது வெளிச்சம் துடிக்கும். கட்டடத்தின் நிழல் சீராக விழும் இடத்தில் எடுங்கள், கேமராவின் வெளிச்ச அளவை (எக்ஸ்போஷர்) மாறாமல் பூட்டிவிடுங்கள். கதையைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். பேச்சுக்குரல் சேர்ப்பதற்குப் பதிலாக, ஒலி வேட்டையில் பதிந்த ஒலிகளைப் பின்னணியாகச் சேர்த்தால் படம் அந்த மரத்தடிக்கே உரியதாகிவிடும்.

மரத்தின் உயரமும் நிழலின் நாளும்

போனில் சாய்வுக் கோணம் காட்டும் வசதி இருக்கும், இல்லாவிட்டால் சிறிய செயலி ஒன்று போடலாம். போனின் விளிம்பு வழியாக மர உச்சியைப் பார்த்தபடி, கோணம் 45 பாகை காட்டும் வரை பின்னால் நடக்க வேண்டும். அங்கிருந்து மரத்தின் அடி வரை டேப்பால் அளந்து, அதோடு பிள்ளையின் கண் உயரத்தைக் கூட்டினால் மரத்தின் உயரம். தூரம் 9 மீட்டர், கண் உயரம் 1.2 மீட்டர் என்றால் மரம் 10.2 மீட்டர். பின்னால் நடக்கும்போது சாலை, கிணறு, பள்ளம் எதுவும் இல்லையென்று நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். தெருவில் உள்ள மரங்களையெல்லாம் இப்படி அளந்து, கூகுள் வரைபடத்தில் தனி வரைபடமாகக் குறித்தால் ஒரு கோடை விடுமுறை போய்விடும். போனின் ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டும், அடர்ந்த மரத்தடியில் இன்னும் அதிகம் தள்ளும். "மூன்றாவது விளக்குக் கம்பத்துக்கு எதிரே" என்று நோட்டிலும் எழுத வேண்டும்.

நிழலில்லா நாளை நழுவவிடாதீர்கள். கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடையில் இருக்கும் ஊர்களில் மட்டும், ஆண்டுக்கு இரண்டு நாள் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். கன்னியாகுமரியில் ஏப்ரல் 10 வாக்கில் தொடங்கி வடக்கே நகர்ந்து, சென்னைக்கு ஏப்ரல் 24 வாக்கில் வரும். திரும்பும் வழியில் சென்னையில் ஆகஸ்ட் 18 வாக்கில். சென்னையில் ஏப்ரல் நிகழ்வுக்கான நேரம் பகல் 12.07 ஒட்டி; மேற்கே போகப் போகச் சில நிமிடம் தாமதமாகும். சமதரையில் ஒரு குழாய்த் துண்டை நிமிர்த்தி வைத்து, பதினொன்றரையிலிருந்து டைம்லாப்ஸ் எடுங்கள். நிழல் குறுகிக் குழாய்க்கு அடியிலேயே ஒளிந்து, மறுபக்கம் எட்டிப் பார்க்கும். சூரியனைக் கண்ணாலோ கேமராவாலோ நேராகப் பார்க்கக் கூடாது. கேமரா தரையைப் பார்த்தே இருக்கட்டும்.

இருட்டிய பிறகு

பழைய வெள்ளை வேட்டியை மொட்டைமாடிக் கொடியில் தொங்கவிட்டு, அதன்மேல் ஒரு டியூப்லைட்டைக் காட்டுங்கள். எல்இடி விளக்குக்கு வரும் பூச்சிகள் குறைவு. டியூப்லைட்டில் கொஞ்சம் புறஊதா ஒளி இருப்பதால் அதற்கு அதிகம் வரும். அமாவாசையை ஒட்டிய, மழை பெய்து ஓய்ந்த இரவு சிறந்தது. வரும் அந்துப்பூச்சிகளைப் படம் எடுத்து, சீக் என்ற செயலியில் காட்டினால் குடும்பம் அல்லது பேரினம் வரையாவது சொல்லும். அதில் கணக்குத் தொடங்கத் தேவையில்லை, பிள்ளைகளுக்கு ஏற்றது. ஒன்றிரண்டு மணி நேரத்தில் விளக்கை அணைத்துவிடுங்கள். அந்தப் பூச்சிகளுக்கு இரவில் வேறு வேலை இருக்கிறது.

அதே மாடியில் இன்னொன்று: சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் 90 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றும் பன்னாட்டு விண்வெளி நிலையம், அந்தி முடிந்த சிறிது நேரத்திலும் விடியலுக்கு முன்பும் வெறுங்கண்ணுக்கே தெரியும். எந்த நாள், எந்தத் திசை என்று நாசாவின் சேவை முன்கூட்டியே சொல்லிவிடும். போன் வேலை அவ்வளவுதான். பிறகு பையில் போட்டுவிட்டு வானத்தைப் பாருங்கள்.

சேர்த்ததை எங்கே கொடுப்பது

பிள்ளைகள் எழுதிய கணக்கு உண்மையான அறிவியலுக்குப் பயன்படும் என்று தெரிந்தால் அவர்கள் எழுதும் விதமே மாறும். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் நடத்தும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில், குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் பார்த்த பறவைகளையெல்லாம் எண்ணி, பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் ஈபேர்ட் தளத்தில் ஏற்றலாம். காகம் எத்தனை என்பதும் அங்கே வேண்டும். சாதாரணப் பறவைகளை யாரும் எண்ணாததால்தான் அவை குறைவது தாமதமாகத் தெரியவருகிறது.

மரத்துக்கு சீசன்வாட்ச் என்ற இந்தியத் திட்டம் இருக்கிறது. ஒரே மரத்தை வாரம் ஒருமுறை பார்த்து, தளிர், பூ, காய் ஒவ்வொன்றும் இல்லையா, கொஞ்சமா, நிறையவா என்று பதிவு செய்ய வேண்டும். பருவங்கள் தடம் மாறுகின்றனவா என்பதை அறிய இந்த எளிய பதிவுகள் ஆண்டுக்கணக்கில் சேர வேண்டும். பூச்சி, செடி படங்களை ஏற்ற ஐநேச்சுரலிஸ்ட் என்ற தளம்.

எல்லாக் கணக்குகளும் உங்கள் பெயரில், உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கட்டும். வீட்டுத் தோட்டப் படம் ஏற்றும்போது இடத்தைத் துல்லியமாகக் காட்டாத வசதி உண்டு, அதைத் தேர்ந்தெடுங்கள். பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களை இந்தத் தளங்களில் ஏற்ற வேண்டியதே இல்லை. குஞ்சுள்ள கூட்டின் படத்தையும் இடத்தையும் யாருக்கும் அனுப்பாதீர்கள்; கூட்டின் அருகே ஃபிளாஷ் போடாதீர்கள்.

வயதுக்குத் தக்க

ஆறு ஏழு வயதில் போனைப் பிள்ளை கையில் தர வேண்டாம். எங்கே வைப்பது, எதை எடுப்பது என்று அவர்கள் சொல்லட்டும், பொத்தானை நீங்கள் அழுத்துங்கள். மஞ்சள் படமும் ஒலி வரைபடமும் இந்த வயதுக்கு மிகப் பொருத்தம். எட்டு வயதுக்கு மேல் புழுக் கணக்கையும் ஸ்டாப் மோஷனையும் தனியாகச் செய்வார்கள். பதினொன்றுக்கு மேல் உயரம் அளப்பது, கீற்றுச் சோதனை, வாரப் பதிவு. அண்ணன் தம்பி, அக்கா தங்கை சேர்ந்து செய்தால் நோட்டு ஒருவர், போன் ஒருவர் என்று பிரித்து, ஒவ்வொரு முறையும் மாற்றிக்கொடுங்கள். நோட்டு வைத்திருப்பவர்தான் அன்றைக்குத் தலைவர். என்ன எடுக்க வேண்டும் என்று அவர் சொல்ல, போன்காரர் எடுக்க வேண்டும்.

கோடையில் காலை ஒன்பதுக்கு முன்பும் மாலை நாலரைக்குப் பின்பும் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டில், தொப்பி, மூடிய செருப்பு. புதர், கல் குவியல், விறகு அடுக்கு இவற்றுக்குள் கையை விடும் முன் குச்சியால் தட்டிப் பார்க்கப் பழக்குங்கள். மழைக்காலத்தில் வெளியே போக முடியாத நாட்களில், மாடித் தொட்டியின் தட்டில் தேங்கிய தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் எடுத்துக் கிளிப் லென்ஸ் வைத்து ஸ்லோ மோஷனில் பாருங்கள். கொசுப்புழுக்கள் நெளிந்து மேலேறி, நீர்ப்பரப்பில் வாலைச் செருகிச் சாய்ந்து தொங்கி மூச்சு விடுவது தெரியும். சாயாமல் பரப்புக்கு இணையாகப் படுத்திருந்தால் அது மலேரியா பரப்பும் அனாஃபிலிஸ் வகை. பார்த்து முடித்ததும் அந்தத் தண்ணீரை மண்ணில் கொட்டிவிட்டு, மாடியில் வேறு எங்கெல்லாம் தேங்கியிருக்கிறது என்று பிள்ளைகளையே தேடிக் கவிழ்க்கச் சொல்லுங்கள்.